பெல்ட்டை மாற்றும் முன் கேளுங்கள்

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் தமிழகச் சாலைகளை நிறைத்திருந்த ஆண்டுகள் என் நினைவில் பெரும்பாலும் சத்தங்களாகவே தங்கியிருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களின் விடியற்காலையில் டாக்ஸி ஸ்டாண்டில் வண்டிகள் ஸ்டார்ட் ஆகும்போது நீளமான ஒரு கிறீச்சொலி எழும். அரை நிமிடத்தில் அடங்கும். ஹெட்லைட்டைப் போட்டால் மறுபடி கிளம்பும். வேறு சில வண்டிகளில் அது இராது. ஐட்லிங்கில் நிற்கும்போது மட்டும் விட்டுவிட்டு ‘கீச் கீச்’ என்று கேட்கும், ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் மறைந்துவிடும். இன்னும் சிலவற்றில் பானட்டுக்கு அடியிலிருந்து ‘கரகர’வென்று ஓர் அடித்தொண்டைச் சத்தம். வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு இவை மூன்றும் ‘ஃபேன் பெல்ட் சத்தம்’தான். ஆனால் அந்தக் காலத்து நல்ல மெக்கானிக்குகளுக்கு இவை மூன்று வெவ்வேறு செய்திகள். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் லைட்டைப் போடச் சொல்வார்கள், அணைக்கச் சொல்வார்கள், கொஞ்சம் ரேஸ் கொடுக்கச் சொல்வார்கள். அதன் பிறகே கை உள்ளே போகும். அந்தப் பழக்கம் இன்று அருகிவிட்டது. பெல்ட் கத்தினால் பெல்ட்டை மாற்று என்பதே பொது வழக்கமாகியிருக்கிறது. பழைய காரில் பெல்ட் எழுப்பும் சத்தத்துக்குப் பல நேரங்களில் பெல்ட் காரணமல்ல. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் போடுகிற புது பெல்ட் வீண்செலவு மட்டுமல்ல, பெரிய பழுதை மூடி மறைக்கும் காரியமும்கூட என்பதே நான் சொல்ல வருவது.

இது ஏன் சின்ன விஷயம் இல்லை என்பதற்கு அம்பாசடர் எஞ்சினையே எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த அந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினின் முன்பக்கத்தில் ஒரே ஒரு வி பெல்ட் ஓடும். கிராங்க் புல்லியிலிருந்து சக்தியை எடுத்து வாட்டர் பம்பையும், அதோடு சேர்ந்த ஃபேனையும், டைனமோவையும் அதுதான் சுற்ற வேண்டும். பெல்ட் அறுந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் நிற்கும், தண்ணீர் ஓட்டம் நிற்கும், ரேடியேட்டருக்குக் காற்று நிற்கும். கொடைக்கானல், ஊட்டி மலைப்பாதைகளில் ஏறும் வண்டிக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது அந்தத் தலைமுறை ஓட்டுநர்களுக்குத் தெரியும். ஏற்றத்தில் வண்டியின் வேகம் குறைவு, ஆகவே எதிர்க்காற்றும் குறைவு. எஞ்சின் பாடுபடுவது அதிகம், ஆகவே சூடும் அதிகம். அந்த நேரத்தில் பெல்ட் நழுவினால், குளிர்ச்சி எப்போது மிக அதிகமாகத் தேவையோ அப்போதுதான் பம்பும் ஃபேனும் வேகம் குறைகின்றன. ரேடியேட்டர் கொதித்தது, ஹெட் கேஸ்கெட் போனது, சிலிண்டர் ஹெட் வளைந்தது என்று பின்னால் சொல்லப்பட்ட கதைகள் பலவற்றின் தொடக்கத்தில் யாரும் பொருட்படுத்தாத ஒரு கிறீச்சொலி இருந்திருக்கும். அதனால்தான் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன் பெல்ட்டையும் போட்டு வைப்பது அன்றைய நெடுந்தூர ஓட்டுநர்களின் வழக்கமாக இருந்தது. மாருதி 800-இல் ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்துக்கு மாறிவிட்டது. ஆனாலும் வாட்டர் பம்பும் ஆல்டர்னேட்டரும் பெல்ட்டையே நம்பியிருந்தன. இந்த இரு கார்களின் உற்பத்தியும் 2014-இல் நின்றுபோனது. சாலையில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் வயதான வண்டிகள். அவற்றில் பெல்ட் சத்தம் அடிக்கடி எழும், அவசரமாக அடக்கவும்படும்.

சத்தம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் வாதத்தில் பாதி முடிந்துவிடும். அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் 1917-இல் உருவாக்கிய வி பெல்ட்டின் சூட்சுமம் அதன் சரிந்த பக்கங்களில் இருக்கிறது. புல்லியின் பள்ளத்துக்குள் அது ஆப்பு இறங்குவதுபோல் இறுகி, இரு பக்கச் சுவர்களையும் பற்றிக்கொண்டுதான் இழுக்கிறது. அதன் அடிப்பாகம் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. மதுரை கோச்சடையில் ஃபென்னர் ஆலையில் செய்யப்பட்ட பெல்ட்டானாலும் வேறு எங்கே செய்ததானாலும் விதி ஒன்றுதான். பிடிப்பின் அளவைத் தீர்மானிப்பவை மூன்று: பெல்ட்டின் இறுக்கம், புல்லியை அது எவ்வளவு தூரம் சுற்றித் தழுவுகிறது என்பது, ரப்பருக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள உராய்வு. இழுக்க வேண்டிய சுமை இந்தப் பிடிப்பை மிஞ்சும்போது பெல்ட் நழுவுகிறது. நழுவல் சீராக நடப்பதில்லை. பற்றுகிறது, விடுகிறது, மறுபடி பற்றுகிறது. ஒரு நொடிக்குள் பல நூறு முறை. வயலின் தந்தியில் வில் இழுபடும்போது நாதம் பிறப்பதும் இதே விதியால்தான். ஆக, சத்தம் என்பது பிடிப்புக்கும் சுமைக்கும் இடையிலான கணக்கு தவறிவிட்டது என்கிற அறிவிப்பு. கணக்கின் ஒரு பக்கத்தில் மட்டுமே பெல்ட் இருக்கிறது. மறுபக்கத்தில் இருப்பவை ஆல்டர்னேட்டர், பம்ப், ஏசி கம்ப்ரசர், அவற்றின் பேரிங்குகள், அவற்றைத் தாங்கும் பிராக்கெட்டுகள்.

இந்தக் கணக்கில் பலரும் கவனிக்காத இன்னொரு கூறும் உண்டு. எஞ்சின் சீரான வேகத்தில் சுற்றுவதில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்று வருவதற்குள் இரண்டு முறை எரிபொருள் வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் கிராங்க் முன்னே பாய்கிறது, அடுத்த வெடிப்புக்கு முன் தளர்கிறது. மூன்று சிலிண்டர் கொண்ட மாருதி 800-இல் இரண்டு சுற்றுக்கு மூன்று வெடிப்புகள்தான். இடைவெளி கூடுதல், ஆகவே ஏற்ற இறக்கமும் கூடுதல். ஆல்டர்னேட்டரின் ரோட்டரோ கிராங்கைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும் கனமான பொருள்; வேக மாற்றத்துக்கு எளிதில் இணங்காது. கிராங்க் குலுங்க, ஆல்டர்னேட்டர் மறுக்க, நடுவில் அகப்பட்ட பெல்ட் ஒவ்வொரு வெடிப்புக்கும் இழுபடுகிறது. ஐட்லிங்கில் இந்தக் குலுக்கல் மிக அதிகம். அதனால்தான் பல சத்தங்கள் வண்டி நிற்கும்போது கேட்டு ஓடும்போது மறைகின்றன. ஓடும்போது மறைந்ததால் பழுது தீர்ந்துவிட்டதாக நினைப்பது தவறு. கார்பரேட்டரின் ஐட்லிங் ஒழுங்காக வைக்கப்படாமல், ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இருந்தாலே பெல்ட் கத்தும். அங்கே மாற்ற வேண்டியது ஸ்பார்க் பிளக்காக இருக்கலாம்.

சத்தங்களைப் பிரித்தறிவதற்கான முதல் அடையாளம் அவற்றின் நீளம். சுமை ஏறும்போது எழுந்து, நீளமாக, உச்ச ஸ்தாயியில் அலறுவது நழுவலின் சத்தம். பெல்ட் தளர்ந்திருக்கலாம், பக்கங்கள் தேய்ந்து கண்ணாடிபோல் வழவழப்பாகியிருக்கலாம், எண்ணெயோ கூலன்ட்டோ பட்டிருக்கலாம், அல்லது சுற்றப்படும் பாகம் ஏதோ ஒன்று இறுகிக்கொண்டு வரலாம். விட்டுவிட்டு, ஒரே தாளத்தில், எஞ்சின் வேகத்தோடு விரைவு கூடும் சிறு ‘கீச்’ பெரும்பாலும் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பதன் அறிகுறி. பெல்ட் பள்ளத்துக்குள் கோணலாக நுழைந்து பக்கவாட்டில் உரசும்போது எழுவது. இரண்டையும் பிரிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது தெளிப்பான் பாட்டிலால் பெல்ட்டின் உட்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். சத்தம் சட்டென நின்று சில நொடிகளில் திரும்பினால் கோணலே காரணம். தண்ணீர் அந்த உரசலைத் தற்காலிகமாக வழுக்கவைத்து அமைதியாக்கியது. சத்தம் இன்னும் கூடினால் நழுவல். இருந்த கொஞ்சப் பிடிப்பையும் தண்ணீர் பறித்துவிட்டது. செலவே இல்லாத சோதனை இது. வேட்டி நுனி, துண்டு, துப்பட்டா, தலைமுடி எதுவும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வதும், மின்கம்பிகள் மேல் தண்ணீர் படாமல் தெளிப்பதும்தான் இதற்கு வேண்டிய எச்சரிக்கை. மூடிக்குள் ஓடும் டைமிங் பெல்ட்டில் மட்டும் இதைச் செய்யவே கூடாது.

அடுத்தது சுமையைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பது. ஹெட்லைட், புளோயர் இரண்டையும் போட்டதும் சத்தம் ஏறினால் ஆல்டர்னேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். ஏசி சுவிட்சைத் தட்டியதும் ஏறினால் கம்ப்ரசர். பவர் ஸ்டியரிங் பம்ப் பெல்ட்டில் ஓடும் கார்களில், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பியதும் அலறினால் அந்தப் பம்ப். இதிலிருந்து அந்தக் கால டாக்ஸி ஸ்டாண்டுகளின் விடியற்காலைச் சத்தத்துக்கும் விளக்கம் கிடைக்கிறது. இரவெல்லாம் நின்று ஸ்டார்ட் செய்யப்பட்டதில் பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கும். எஞ்சின் பிடித்ததும் டைனமோவோ ஆல்டர்னேட்டரோ அதை நிரப்ப முழு வேலையில் இறங்கும். பெல்ட்டின் மேல் ஈரம் வேறு. அரை நிமிடத்தில் அடங்கும் சத்தம் பேட்டரி தேறிவிட்டதைச் சொல்கிறது. பத்து நிமிடம் ஆகியும் அடங்காவிட்டால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் சோதிக்க வேண்டும். 14 வோல்ட்டில் 40 ஆம்பியர் தரும் ஆல்டர்னேட்டர் 560 வாட் மின்சாரம் தருகிறது. உள்ளே வீணாவதையும் சேர்த்தால் பெல்ட் இழுக்க வேண்டியது ஏறத்தாழ ஒரு கிலோவாட். சாகக் கிடக்கும் பேட்டரி இந்தச் சுமையை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் எத்தனை பெல்ட் மாற்றினாலும் ஒவ்வொன்றும் வழவழத்துப் போகும்.

கோணல் விஷயத்தில் நம் நாட்டுப் பழைய கார்களுக்கென்றே ஒரு வரலாறு இருக்கிறது. டைனமோவோடு வந்த பல அம்பாசடர்களிலும் பத்மினிகளிலும் பின்னாளில் ஆல்டர்னேட்டர் பொருத்தப்பட்டது. சென்னை பாடியில் லூக்காஸ் டிவிஎஸ் போன்ற ஆலைகள் இந்தப் பாகங்களைச் செய்ததால் கிடைப்பதில் சிரமம் இல்லை. மாற்றம் நல்லதுதான், டைனமோவைப்போல் அல்லாமல் ஐட்லிங்கிலும் சார்ஜ் கிடைத்தது. ஆனால் பிராக்கெட்டைப் பட்டறையில் வெட்டி வெல்டு வைத்தார்கள். புல்லியைப் புதுப்பேட்டையில் கிடைத்ததிலிருந்து பொறுக்கினார்கள். தொழிற்சாலையிலிருந்து ஏசி இல்லாமல் வந்த வண்டிகளுக்குக் கம்ப்ரசரும் இப்படியே ஏறியது. புல்லி ஒரு டிகிரி சாய்ந்தால் 30 செ.மீ. தூரத்தில் பெல்ட் 5 மி.மீ. விலகுகிறது, கண்ணுக்குத் தெரியாத சாய்வு, காதுக்குத் தெரியும் விலகல். நேரான இரும்புப் பட்டையையோ இழுத்துப் பிடித்த நூலையோ புல்லிகளின் முகத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். போல்ட்டுக்கு அடியில் ஒன்றிரண்டு வாஷர் வைத்துத் தீர்க்கக்கூடிய கோளாறுக்காக வருடக்கணக்கில் பெல்ட் மாற்றிய வண்டிகள் எத்தனையோ. ரப்பர் வளையம் வைத்த கிராங்க் புல்லி உள்ள கார்களில் இன்னொரு வயோதிகக் கோளாறும் உண்டு: அந்த ரப்பர் இற்றுப்போய் வெளிவளையம் மெல்ல நகர்ந்துவிடும். அப்போது மற்ற எல்லாப் புல்லிகளும் சரியாக இருந்தும் பெல்ட் கீச்சிடும். காரணமோ பெல்ட்டை இயக்கும் மூலப் புல்லியிலேயே இருக்கும்.

தாளத்தை எண்ணிப் பார்ப்பதும் பயனுள்ள சோதனை. 800 ஆர்பிஎம்மில் ஐட்லிங் செய்யும் எஞ்சினின் கிராங்க் நொடிக்கு 13 சுற்றுக்குச் சற்று மேல் வருகிறது. கிராங்க் புல்லி 13 செ.மீ. விட்டம் என்றும் பெல்ட் 90 செ.மீ. நீளம் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் பெல்ட் நொடிக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர் ஓடுகிறது. ஒரு முழுச் சுற்று வருவது நொடிக்கு 6 முறை. பெல்ட்டில் ஓரிடத்தில் மட்டும் பழுது என்றால் சத்தம் நொடிக்கு 6 முறை கேட்கும். கிராங்க் புல்லியில் பழுது என்றால் 13 முறை. அதைவிடச் சிறிய ஆல்டர்னேட்டர் புல்லியில் என்றால் இன்னும் நெருக்கமாக, ஏறக்குறையத் தொடர்ச்சியாக. காதால் எண்ண முடியாவிட்டாலும் மெதுவான தாளமா, துரிதத் தாளமா என்று பிரித்தறிய யாராலும் முடியும். பெல்ட்டின் முதுகில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, அந்தக் கோடு வரும்போதெல்லாம் சத்தமும் வருகிறதா என்று பார்ப்பது இன்னும் உறுதியான வழி. இப்படிப்பட்ட சோதனைக்குப் பிறகு பெல்ட்டே குற்றவாளி என்று தெரிந்தால் அதை மாற்றுவதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. விசாரணை முன்னால், தீர்ப்பு பின்னால் என்ற வரிசைதான் முக்கியம்.

மூன்றாவது வகையான கரகர ஒலி பெல்ட்டினுடையதே அல்ல, பேரிங்குடையது. வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், ஐட்லர், டென்ஷனர் என எதிலும் பேரிங் தேயலாம். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சுற்றாத உடல் பாகத்தில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பது பட்டறைகளின் பழைய முறை. எந்த உடலில் சத்தம் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே பேரிங் போய்விட்டது. உறுதி செய்ய, எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்கலாம். சொரசொரப்பு, ஆட்டம், இறுக்கம் மூன்றும் விரலுக்குத் தெரியும். பெல்ட் இல்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும் உண்டு: சத்தம் நின்றால் பழுது பெல்ட் சுற்றும் பாகங்களில், நிற்காவிட்டால் எஞ்சினுக்குள்ளே. ஆனால் பெல்ட் இல்லாதபோது தண்ணீர் ஓட்டம் இருக்காது என்பதால் குளிர்ந்த எஞ்சினில், ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே இதைச் செய்ய வேண்டும். பழைய டீசல் கார்கள் பலவற்றில் பிரேக்குக்கான வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கிறது. பெல்ட் இல்லாமல் அந்த வண்டியைச் சாலையில் நகர்த்தினால் பிரேக் பெடல் கல்லாகிவிடும். வாட்டர் பம்பின் பேரிங் போகும்போது அதன் சீலும் போகும்; பம்பின் அடியிலுள்ள சிறு துளை வழியே கூலன்ட் கசியும்; அது பெல்ட்டில் தெறித்துப் பெல்ட் நழுவும். இங்கே பெல்ட்டை மாற்றியவர் நோயின் மூன்றாம் கட்டத்துக்கு மருந்து கொடுத்திருக்கிறார். முதல் கட்டம் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கிறது.

சத்தத்தை மட்டும் அடக்கும் இரண்டு வழக்கங்கள் நம் சாலைகளில் நெடுங்காலமாக இருக்கின்றன. ஒன்று, பெல்ட்டில் சோப்பைத் தேய்ப்பது; அதன் இன்றைய வடிவம் கடையில் விற்கும் பெல்ட் ஸ்பிரே. சோப்பு உரசலைச் சிறிது நேரம் மழுக்கும். காய்ந்ததும் சத்தம் திரும்பும், பள்ளத்தில் பிசுக்கு மிஞ்சும். ஒட்டும் ஸ்பிரே தூசியைச் சேர்த்து, ரப்பரையும் காலப்போக்கில் கெடுக்கும். மற்றது இதைவிட மோசம்: சத்தம் நிற்கும் வரை பெல்ட்டை இழுத்து இறுக்குவது. பழைய வி பெல்ட்டுக்கான அளவு எளிமையானது. புல்லிகளுக்கு இடையே மிக நீளமாக ஓடும் பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம், அதாவது 12, 13 மி.மீ. இறங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் சத்தம் நிற்கும், உண்மைதான். ஆனால் அந்த இழுவையைத் தாங்குவது பம்பின், ஆல்டர்னேட்டரின் பேரிங்குகள். குண்டு பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது பொறியியலின் அடிப்படை விதி. சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிறது. மலிவான பெல்ட்டின் சத்தத்தை நிறுத்த விலை கூடிய பம்பின் ஆயுளைக் கொடுத்திருக்கிறோம். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தேய்ந்த பெல்ட், அல்லது தேய்ந்த புல்லிப் பள்ளம், பெல்ட்டை அடித்தரை வரை இறக்கிவிடும். அப்போது ஆப்புப் பிடிப்பே போய்விட்டது. எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. பள்ளத்தின் தரை பளபளவென்று மின்னினால் அதுவே தடயம்.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லப்படும் வாதங்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. முதலாவது, பெல்ட் மலிவு, ஆராய்ந்து கொண்டிருப்பதைவிட மாற்றிவிடுவதே சிக்கனம் என்பது. பழைய பெல்ட் உண்மையிலேயே காய்ந்து வெடித்திருந்தால் முதலில் மாற்றுவது நியாயம்தான். வெடித்த பெல்ட்டை வைத்துக்கொண்டு சோதனை நடத்துவது அறிவீனம். ஆனால் புது பெல்ட் பெரும்பாலும் சில வாரங்களுக்குச் சத்தத்தை நிறுத்திவிடும் என்பதில்தான் ஆபத்தே இருக்கிறது. புது ரப்பர் மென்மையானது. கோணலையும் கசிவையும் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளும். அந்த அமைதியைப் பழுது தீர்ந்ததற்கான சான்றாக எடுத்துக்கொள்கிறோம். சத்தம் திரும்பும்போது பெல்ட்டின் தரத்தையும் அதைச் செய்தவரையும் குறை சொல்லி அடுத்த பெல்ட்டுக்குப் போகிறோம். இதற்கிடையே பம்பின் கசிவு ஒரு மழைக்காலத்தைக் கடந்துவிடுகிறது. மாற்றிய பெல்ட்டின் விலையை மட்டும் கணக்கில் எடுப்பவர், மாற்றாமல் விட்ட பேரிங்கின் விலையையும் எடுக்க வேண்டும்.

இரண்டாவது வாதம் மெக்கானிக்கின் பக்கத்திலிருந்து வருகிறது, அது நியாயமானது. வாடிக்கையாளர் மாற்றிய பொருளுக்குக் காசு கொடுப்பார், கேட்ட நேரத்துக்குக் கொடுக்கமாட்டார். அரை மணி நேரம் சோதித்து ஒரு வாஷர் வைத்துச் சரிசெய்தவரிடம், வாஷருக்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் நாம்தான். காதைப் பழக்கிய தலைமுறை அருகிப்போனதற்கு மெக்கானிக்குகளின் சோம்பலைக் காரணம் காட்டுவது அநியாயம். அந்தத் திறமைக்கு நாம் கூலி கொடுக்கவில்லை. ஆகவே அது அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கப்படவில்லை. இதற்கான விடை பெல்ட்டை மாற்றிக்கொண்டே இருப்பதல்ல. கண்டுபிடிப்பதற்கும் கட்டணம் உண்டு என்று ஒப்புக்கொள்வது. மருத்துவருக்கு ஆலோசனைக் கட்டணம் கொடுக்கும் சமூகம் இதையும் பழகிக்கொள்ள முடியும்.

மூன்றாவது, காலம் மாறிவிட்டது, ஸ்கேனர் சொல்லும், காது எதற்கு என்பது. கார்பரேட்டர் காலத்து அம்பாசடரிலும் மாருதி 800-இலும் ஸ்கேனரைச் செருக இடமே கிடையாது. செருக இடமுள்ள வண்டிகளிலும் அது சார்ஜ் குறைவு என்பதைச் சொல்லும். புல்லியின் சாய்வையோ பம்பின் கசிவையோ காட்டாது. பொருள்கள் மாறியதும் உண்மை. அகலமான பல வரிப் பெல்ட் ஒன்றே எல்லாவற்றையும் சுற்றும் முறை 1979 ஃபோர்டு மஸ்டாங்கில் தொடங்கிப் பரவியது. பழைய நியோபிரீன் ரப்பரின் இடத்தில் ஈபிடிஎம் வந்த பின் பெல்ட் முன்போல் எளிதில் வெடிப்பதில்லை. டயர்போல் மெல்ல வரிகளின் சதை தேய்கிறது. அதனால், வெடிப்பு இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்த்து ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொன்ன பழைய சோதனை இப்போது போதாது. இது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது: கண் ஏமாறக்கூடிய இடத்தில் காதும் தண்ணீரும் சாக்பீஸும் இன்னும் அதிகம் தேவைப்படுகின்றன.

நான்காவது வாதத்துக்கு முன் நான் தலைவணங்குகிறேன். எல்லாப் பெல்ட்டும் பேசாது. கேம் ஷாஃப்டைச் சுற்றும் பல் வைத்த டைமிங் பெல்ட், 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரில் வந்ததிலிருந்தே இப்படித்தான். தளர்ந்தால் சில நேரம் மூடியில் தட்டும், இறுகினால் முனகும், டென்ஷனர் பேரிங் போனால் உறுமும். ஆனால் பல நேரங்களில் ஒரு சத்தமும் இல்லாமல் அறுந்துவிடும். பிஸ்டனும் வால்வும் ஒன்றையொன்று இடிக்கும் அமைப்புள்ள எஞ்சினில் அது பெருஞ்சேதம். ஆகவே டைமிங் பெல்ட்டைச் சத்தத்துக்காகக் காத்திராமல், தயாரிப்பாளர் கொடுத்த கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது, டென்ஷனர் பேரிங்கோடு சேர்த்து மாற்ற வேண்டும். அதே பெல்ட் வாட்டர் பம்பையும் சுற்றினால் பம்பையும் சேர்த்தே. மௌனமாக அறுகிற பெல்ட்டுக்கு அட்டவணை, பேசிவிட்டு அறுகிற பெல்ட்டுக்குச் செவி என்று இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

பழைய வண்டி என்றால் நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்வோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வண்டிகள் புதிதாக வந்தபோது அவற்றின் பெல்ட்டுகள் கத்தவில்லை. ஒழுங்காக வைத்திருக்கப்பட்ட அம்பாசடர்கள் இன்றும் கத்துவதில்லை. வயதால் தேய்ந்தவை பேரிங், புஷ், பிராக்கெட், ரப்பர் போன்ற பெயர் சொல்லக்கூடிய பாகங்கள். அவை ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்க முடியும், பெரும்பாலானவற்றை இன்றும் சென்னையின் ஜி.பி. ரோட்டிலோ கோவையிலோ வாங்க முடியும். வயதைக் காரணம் சொல்வது விசாரணையைத் தொடங்காமலே முடித்துவிடுவது. ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை பெல்ட் சத்தம் எழும்போது, பட்டறைக்குப் போகும் முன் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்: எப்போது வருகிறது, நீளமா விட்டுவிட்டா, லைட்டுக்குக் கூடுகிறதா ஏசிக்குக் கூடுகிறதா, தண்ணீருக்கு அடங்குகிறதா ஏறுகிறதா. அந்தக் குறிப்போடு போய் ‘பெல்ட்டை மாத்துங்க’ என்று சொல்லாமல் ‘எதனால கத்துதுன்னு பாருங்கண்ணே’ என்று கேளுங்கள். பார்ப்பதற்கு ஆகும் கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள். புது பெல்ட் போட வேண்டி வந்தால், அது ஓட ஓட நீளும் என்பதால் சில நூறு கிலோமீட்டர் கழித்து இறுக்கத்தை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். காரணம் தீர்ந்த வண்டியில் ஒரு நல்ல வி பெல்ட் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும்.